ஐம்பத்தெட்டு லேயர்கள்

என் முகத்தின் வலது பாதி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வேலைநிறுத்தம் செய்தது. பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் என்னைக் கேட்காமலே வலது ஓரமாக வழிந்து சட்டைக்குள் போனது. கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு பாதியில் நான் இருந்தேன். மறு பாதியில் யாரோ ஒருவர் அரைத்தூக்கத்தில் இருந்தார்.

பக்கவாதம் இல்லை என்று மருத்துவமனையில் உறுதியாகச் சொன்னார்கள். முகத்துக்குப் போகிற நரம்பு ஒன்று வீங்கியிருக்கிறதாம். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, பிறகு முகத்துக்குப் பயிற்சி. "பெரும்பாலானவங்களுக்கு முழுசா சரியாயிடும்" என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் என் மனசு நேராக அந்த மிச்சப்பேரிடம் போய் உட்கார்ந்துகொண்டது. என் புத்தி அப்படி. நல்ல சேதியையும் கல் பொறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன்.

நான் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். முன்னறையில் கேமராவுக்குப் பின்னால் நிற்பதுதான் என் வேலை. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்பவர்களிடம், "ஆயிரம் கல்யாணம் பார்த்தாச்சு, அலுத்துப்போச்சு" என்பேன். முன்னறையில் எனக்கென்று ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. குடும்பப் படம் எடுக்க வந்த அப்பா, கோர்ட்டில் நிற்பவர் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பார். நான் கேமராவுக்கு மேலே தலையை நீட்டி ஒரு சிரிப்புச் சிரிப்பேன். அவ்வளவுதான், அவரும் சிரித்துவிடுவார். அதற்குள் படம் எடுத்திருப்பேன். சிரிங்க சிரிங்க என்று கெஞ்சுகிற வேலையெல்லாம் என்னிடம் கிடையாது.

முகம் கோணின பத்தாம் நாள் முன்னறைக்குத் திரும்பிப் போய் அதே சிரிப்பைச் சிரித்தேன். எதிரே அம்மா மடியில் இருந்த கைக்குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டு அழுதது. "தூக்கம் வந்துடுச்சு போல" என்றாள் அந்த அம்மா. பொய் சொல்லத் தெரியாத பெண். நான் அன்றைக்கே என் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டேன்.

பின்னறையில் கம்ப்யூட்டர் வேலை, முன்னறையில் கூட்டமில்லாத நேரத்தில் பத்து வருடமாக நானும் செய்து பழகியதுதான். பருவை அழிப்பது, மூடின கண்ணைத் திறந்து வைப்பது, கடைக்காரர்களுக்கு அசையும் படம் செய்து கொடுப்பது. அசையும் படம் என்றால் ஜிஃப். ஒரு காலணியைச் சிறிது சிறிதாகத் திருப்பி இருபது படம் எடுப்போம். எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு படத்தையும் ஒரு லேயராக ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவோம். பிறகு ஒவ்வொரு லேயரையும் ஒரு ஃபிரேமாக மாற்றி, ஒன்றுக்கு எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டால், காலணி தானாகச் சுற்றும். இதில் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றுகிற விதி ஒன்று உண்டு. காட்டவேண்டிய பொருள் ஆடக்கூடாது. மேல் லேயரைப் பாதி மங்கலாக்கி, கீழே இருப்பதோடு ஒட்டிப் பார்த்து, பொருளை முதலில் பூட்டிவிட வேண்டும். சுற்றியிருப்பது எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை. இந்த விதிதான் என்னைக் குப்புறத் தள்ளியது, அதற்கு வருகிறேன்.

வீட்டில் நானும் என் தங்கையும். அவள் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார், வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில். தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே வீட்டில் ஊசி என்று பெயர். ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும். தையல் கற்றுக்கொண்டது அதற்கப்புறம்தான். இப்போது மணப்பெண் உடைகள் விற்கும் கடையில் அளவு திருத்துகிற வேலை.

பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் அம்மா, தினமும் ஒரு படம் எடுத்து வைக்கச் சொன்னார். "கண்ணை இறுக்க மூடணும், பல்லு தெரியச் சிரிக்கணும். ரெண்டும் ஒண்ணா. இன்னிக்கும் நாளைக்கும் வித்தியாசம் தெரியாது சார், அதனால படம் வேணும். மூணு மாசத்துக்குள்ள அசைவு தெரிஞ்சா பாதிக்கிணறு தாண்டின மாதிரி."

ஊசி அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். காலை ஏழேகாலுக்கு அவள் தையல் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி. நாற்காலியின் நான்கு கால்களைச் சுற்றியும் தரையில் துணிக்குக் குறி போடுகிற சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தாள். எனக்குப் பின்னால் சுவர், ஸ்விட்ச் போர்டு, கண்ணாடிக் கதவு போட்ட பாத்திர அலமாரி. அவள் இரண்டு முழங்கையையும் மேசை விளிம்பில் ஊன்றி, போனை நிமிர்த்திப் பிடிப்பாள்.

"கண்ணை மூடு. பல்லைக் காட்டு. இன்னும். இன்னும்ணா."

"இதுக்கு மேல காட்டினா கழண்டு கீழ விழுந்துடும்டி."

"விழட்டும், பொறுக்கித் தர்றேன். காட்டு."

எரிச்சல் வராமல் இருக்குமா? ஒரு நாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கிறேன்; சாயங்காலம் இழுத்து உட்காரவைத்து எடுத்தாள். ஒரு நாள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் நான் வாயைத் திறக்கும்வரை அப்படியே குனிந்து நின்றாள். அன்று கடைக்குத் தாமதமாகப் போய்ச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். படம் எடுத்ததும் வீட்டில் இருக்கிற என் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுவாள். நான் மீதியையெல்லாம் மறைத்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, நாள் எண் போட்டு வைத்துக்கொள்வேன். அதைத் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

இப்படி எட்டு வாரம் ஓடியது. ஒரு புதன்கிழமை முதலாளி பின்னறைக்கு வந்து, என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்தார்.

"மாஸ்டர், ஒரு போட்டோகிராஃபர் வேலை கேட்டு வந்திருக்கார். நல்ல கை. ஆனா ரெண்டு பேருக்கு முன்னறைல வேலை இல்ல. நீங்க திரும்பி வருவீங்கன்னா அவரை வேண்டாம்னுடறேன். வரலைன்னா நீங்க இங்கேயே இருந்துக்கலாம், யாரும் உங்களைப் போகச் சொல்லல. திங்கக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க."

பெரிய மனுஷத்தனமாகத்தான் கேட்டார். ஆனால் பின்னறையில் கொஞ்ச நாள் இருப்பது வேறு, ஓய்வு பெறும்வரை இருப்பது வேறு. என் சிரிப்பைப் பார்த்துச் சிரிக்கிற முகங்கள் இல்லாமல் நான் என்ன செய்யப் போகிறேன்? இருந்தாலும் வீம்புக்கு முன்னறையைப் பிடித்துவைத்துக்கொண்டு குழந்தைகளை அழவிடவும் எனக்கு மனசில்லை. முகம் திரும்புகிறதா இல்லையா என்று நானே கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐம்பத்தெட்டாவது படத்தை ஊசி எடுத்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஐம்பத்தெட்டு முகங்களையும் லேயர்களாக அடுக்கினேன். முதல் நாள் அடியில், இன்றைய நாள் உச்சியில். எனக்குப் பார்க்க வேண்டியது வாய். ஆகவே விதிப்படி வாயைப் பூட்டினேன். வாயின் இரண்டு ஓரத்திலும் இரண்டு நீலக் கோடு போட்டு, ஒவ்வொரு லேயரையும் மங்கலாக்கி, தள்ளி, திருப்பி, இரண்டு ஓரமும் கோட்டில் கச்சிதமாக உட்காரும்படி வைத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. முதுகு விட்டுப்போனது. ஃபிரேம்களாக்கி, ஒன்றுக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு கொடுத்து, ஓடவிட்டேன்.

வாய் அசையவே இல்லை. ஐம்பத்தெட்டு நாளும் அதே கோணல், அதே இடம். வாயைச் சுற்றி என் தலை மட்டும் மெல்லச் சாய்ந்துகொண்டே போனது. பத்து முறை ஓடவிட்டேன். பத்து முறையும் அதே கதி.

எழுந்து முதலாளிக்குப் போன் செய்தேன். "அவரையே வரச் சொல்லிடுங்க முதலாளி. நான் பின்னறைலயே இருந்துக்கறேன்" என்றேன். அவர் ஏதோ கேட்கவந்தார். நான் வைத்துவிட்டேன். அப்புறம் கூடத்துக்குப் போய், கத்தரிக்கோலும் கையுமாக இருந்த ஊசியிடம் சொன்னேன்.

"நாளைலேர்ந்து படம் வேண்டாம். பயிற்சியும் வேண்டாம். ஒரு மண்ணும் அசையல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யார் சொன்னது?"

"நான் செஞ்ச படமே சொல்லுது. போதாததுக்கு நீ போனை ஒரு நாள் ஒழுங்கா பிடிக்கல. தலை ஒரு பக்கமா சாய்ஞ்சுகிட்டே போகுது. நாளுக்கு நாள் கோணலாப் பிடிச்சிருக்கே."

கத்தரிக்கோல் மேசையில் பட்டென்று விழுந்தது. என்மேல் எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறாள், ஆனால் இந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"கோணலா? நானா? பதினெட்டு வருஷமா நேர்கோடு தைக்கிற கைணா இது. எங்கே, காட்டு அந்தப் படத்தை."

காட்டினேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஓடியது, முடிந்தது, மறுபடி ஓடியது. அவள் வாயைப் பார்க்கவில்லை. என் காதோரம் வெட்டாமல் விட்டிருந்த கொஞ்சம் சுவரையும், அதில் தெரிந்த ஸ்விட்ச் போர்டின் ஒரு மூலையையும் பார்த்தாள்.

"அண்ணா, ஸ்விட்ச் போர்டு ஏன் சாயுது?"

"அதான் சொன்னேனே, நீ பிடிச்ச லட்சணம்."

"நான் அனுப்பின படத்தைத் திற. நீ வெட்டினதை இல்ல."

முதல் நாள் படத்தைத் திறந்தேன். ஸ்விட்ச் போர்டு செங்குத்தாக நின்றது. முப்பதாம் நாள், செங்குத்து. இன்று காலை எடுத்தது, அதுவும் செங்குத்து. ரூலரை வைத்துப் பார்த்தேன், ஒரு இம்மி பிசகவில்லை. மூன்று மணி நேரம் நான்தான் ஒவ்வொரு லேயரையும் திருப்பியிருக்கிறேன்.

"நீ எந்த இடத்துல ஊசி குத்திப் பிடிச்சே?" என்று கேட்டாள்.

"என்ன ஊசி?"

"ஒண்ணுமேல ஒண்ணு வெச்சியே, எதை ஆடாமப் பிடிச்சே?"

"வாயை. வாயைத்தானே பார்க்கணும்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "தூக்கி இறக்க வேண்டியது ரவிக்கையோட கைன்னா, தோள்ல ஊசி குத்திப் பிடிப்போமா, கையிலயேவா குத்துவோம்? நகர வேண்டிய இடத்துல குத்திட்டா மீதித் துணிதானேணா இழுபடும்? உன் வாய் தினம் கொஞ்சம் கொஞ்சமா நிமிர்ந்திருக்கு. நீ அதைப் பிடிச்சு அழுத்திட்டு, தலையைச் சாய்ச்சு விட்டிருக்கே."

எனக்கு அசடு வழிந்தது. பத்து வருடம் காலணியைச் சுற்றவிட்ட கை, தன் முகத்தை ஓடவிடத் தெரியாமல் நின்றது. பொருளைப் பூட்டு என்ற விதி சுற்றுகிற காலணிக்குச் சரி. நகர்கிறதா என்று தெரிய வேண்டிய பொருளையே பூட்டினால், நகர்ந்ததெல்லாம் அடுத்தவன் தலையில் போய் விழும். நான் அதை என் தங்கை தலையிலேயே போட்டேன்.

வெட்டின படங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அவள் அனுப்பின முழுப் படங்களைப் புதிதாக அடுக்கினேன். இந்த முறை ஸ்விட்ச் போர்டில் ஊசி குத்தினேன். பெரிய வேலையே இல்லை. ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் ஏற்கெனவே ஒன்றன்மேல் ஒன்று பொருந்தித்தான் இருந்தன. அப்படிப் பிடித்திருக்கிறாள்.

ஓடவிட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை. இருபது ஃபிரேம்வரை அதே தூங்குமூஞ்சிதான். அப்புறம் வலது கண்ணின் இடுக்கு குறுகத் தொடங்கியது. நாற்பதைத் தாண்டியதும் வாயின் வலது ஓரம் தயங்கித் தயங்கி மேலே ஏறியது. ஏறியது, சத்தியமாக ஏறியது. அளந்தேன்; பதினோரு பிக்சல்.

"பதினோரு பிக்சல்னா எவ்வளவு?" என்றாள் ஊசி.

"உன் குண்டூசித் தலை ரெண்டு இருக்கும்."

"ரெண்டு குண்டூசித் தலை எவ்வளவு பெரிசு தெரியுமா? கல்யாணப் பொண்ணு அதுக்காக என்னை அழ வெச்சிருக்கா."

அவள் அடுப்பில் வைத்த பாலைப் பார்க்க எழுந்து போனாள். நான் அங்கேயே உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, படத்தின் இடது மூலையில் வேறு ஏதோ அசைவதைக் கவனித்தேன். அலமாரியின் கண்ணாடிக் கதவு. எப்போதும் நான் வெட்டி எறிகிற பகுதி. அதைப் பெரிதாக்கினேன்.

கண்ணாடியில் என் தங்கை தெரிந்தாள். மார்பளவில் போன், அதற்கு மேலே முகம். அவளும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். முதல் நாளிலிருந்து. கன்னம் இழுபட, கழுத்து நரம்பு புடைக்க, நான் செய்யவேண்டியதை அவளும் செய்திருக்கிறாள். நிறுத்தி, லேயர் லேயராகப் பார்த்தேன். நான் வாயைத் திறக்காமல் அடம்பிடித்த நாளிலும் அவள் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறாள். ஒரு நாள் புறங்கையால் கண்ணைத் துடைத்தபடி. நாற்பத்தோராம் நாள் பல்லிடுக்கில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே. ஒரு நாள்கூட விடவில்லை. நான் ஒவ்வொரு நாளும் கண்ணை இறுக்க மூடி, சரியாக மூடாத வலது கண்ணிலும் விழி மேலே சொருகிக்கொள்ள, ஒன்றும் தெரியாமல் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

என் கண்ணில் நீர் முட்டியது. வலது கண்ணில் இரண்டு மாதமாக எப்போதும் நீர் வடியும், அது கணக்கில்லை. இது இடது கண்.

அவள் பால் டம்ளரோடு வந்து, திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"ஐயோ, அது தெரியுமா?"

"ஏண்டி இப்படிப் பண்ணினே?"

"ஒண்ணுமில்லணா. நீ மட்டும் தனியா பல்லைக் காட்டிட்டு உட்கார்ந்திருந்தே. முதல் நாள் எனக்குப் பார்க்கத் தாங்கல. கூட ஒருத்தர் பண்ணினா பரவாயில்லைன்னு தோணுச்சு."

"எனக்குத்தான் தெரியவே இல்லையே. நான் கண்ணை மூடிட்டிருந்தேனே."

"உனக்குத் தெரியணும்னு பண்ணலையே" என்று சொல்லிவிட்டு, டம்ளரை என் கையில் திணித்தாள்.

அண்ணன் தங்கைக்குள் நன்றி சொல்லிக்கொள்கிற வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். நான் சொன்னேன். கோணல் வாயோடு, எச்சில் தெறிக்க, "நீ இல்லேன்னா நான் எப்பவோ விட்டிருப்பேன். ரொம்ப நன்றிடி. கோணல்னு சொன்னதுக்கு மன்னிச்சுக்க" என்றேன். அவள் நெற்றியைத் தொடவில்லை. "பால் ஆறிடும், குடி" என்றாள்.

அப்புறம் முதலாளிக்கு மறுபடி போன் செய்தேன். காலையில் அப்படிப் பேசியதற்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மென்று விழுங்கினேன்.

"மாஸ்டர், நீங்க காலைல சொன்னதை நான் இன்னும் அவருக்குச் சொல்லவே இல்ல" என்றார் அவர். "உங்க கோபம் சாப்பிட்டதுக்கு அப்புறம் இறங்கும்னு இருபத்திரண்டு வருஷமா பார்க்கறேனே. சொல்லுங்க, எவ்வளவு நாள் வேணும்?"

"ரெண்டு மாசம்."

"எடுத்துக்கங்க. அதுவரைக்கும் முன்னறைல நானே நிக்கறேன். என்ன, நான் சிரிச்சா யாரும் திரும்பச் சிரிக்க மாட்டாங்க. நீங்க சீக்கிரமா வந்து சேருங்க."

அந்த மனிதருக்கும் நான் நன்றி சொன்னேன். ஒரே நாளில் இரண்டு பேரிடம் சொல்லியது எனக்கு ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை. பழக்கமில்லாததால் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

மறுநாள் திங்கட்கிழமை, ஏழேகால். சாக்பீஸ் வட்டங்களில் நாற்காலி. ஊசி மேசையில் முழங்கையை ஊன்றிப் போனை நிமிர்த்தினாள்.

"கண்ணை மூடு. பல்லைக் காட்டு."

நான் கண்ணை மூடவில்லை. "போனைக் கீழ வை" என்றேன்.

"ஏழரைக்கு எனக்கு பஸ்சுணா. விளையாடாதே."

"வையேன்."

முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். நான் பல்லைக் காட்டினேன். அவள் ஒரு நொடி தயங்கினாள், வெட்கப்பட்டாள், பிறகு கன்னம் இழுபடக் கழுத்து நரம்பு புடைக்க அவளும் காட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்துவிட்டாள், பஸ் போய்விட்டது.

ஐம்பத்தொன்பதாம் நாளுக்கு மட்டும் என்னிடம் படம் கிடையாது.